என்கொயரிப் புடவை

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் மழையைப் பற்றி எழுதினேன். மலைப்பாதை பஸ்ஸைப் பற்றி எழுதினேன். போன வாரம் எங்கள் தெரு நாய்களைப் பற்றிக்கூட எழுதிவிட்டேன். வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். எழுத வேண்டிய ஒன்றை எழுதாமல் இருப்பதற்குத்தான் அவ்வளவும்.

இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான்கு வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. வெள்ளிமலையில் பன்னிரண்டு பெண்களுக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளாடுகள் கொடுத்தோம். கொடுத்தது நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம். தனியாகக் குடும்பத்தை இழுக்கும் பெண்களுக்கான திட்டம். ஷாமியானா, மைக், வாடகை நாற்காலிகள், டீ, பிஸ்கட். ஆடுகள் கத்திய கத்தலில் வரவேற்புரை யார் காதிலும் விழவில்லை. பெரிய நஷ்டமில்லை... பேசியது நான்தான்.

எல்லோரும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய பிறகும் ஒரு பெண் மட்டும் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். மெல்லிய சரிகைக் கரை போட்ட அரக்குப் புடவை. வகிடு எடுத்து வாரிய தலையில் கனகாம்பரம். கையில் புது நைலான் கயிறு, இரண்டு சுருள்.

"என் பேரு வுட்டுப் போச்சிங்களா மேடம்?" என்றார்.

பட்டியலைப் பார்த்தேன். அலமேலு என்ற பெயர் அதில் இல்லை. அடுத்த லிஸ்ட்டில் பார்ப்போம் என்று சொன்னேன். ஆபீஸ் வேலையில் இருக்கிற எல்லோரும் சொல்வதுதான் — அடுத்த லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறதா என்பது சொல்கிறவருக்கே தெரியாது. அவர் தலையை ஆட்டிவிட்டு, அந்தக் கயிற்றை முந்தானைக்குள் வைத்து மறைத்துக்கொண்டு நடந்தார்.

அந்த மறைத்தலை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நாற்காலிகளை எண்ணப் போய்விட்டேன்.

எண்ணுவதற்கு உதவி செய்தவர் பூங்காவனம். அந்த ஊர் மகளிர் குழுவின் தலைவி. வாய் நீளம், மனசு அதைவிட நீளம். நாற்காலியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டார், "அலமேலுவ ஏன் மேடம் கழிச்சி வுட்டீங்க?"

நான் யாரையும் கழிக்கவில்லையே என்றேன். வீடு வீடாக வந்து எழுதியது நீங்கள்தானே என்றார் பூங்காவனம். ஆமாம், நான்தான். அப்புறம் அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

அலமேலுவின் புருஷன் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய் நான்கு வருஷமாகிறது. முதல் வருஷம் போன் வந்தது. பிறகு அதுவும் இல்லை. ஒரே மகள், தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. கொஞ்சம் நிலம், அதில் சாமை. மழை ஏமாற்றினால் அதுவும் கிடையாது. குழுவில் இருந்த அத்தனை பேரும், யாருக்கு முதலில் ஆடு கொடுக்கலாம் என்று கேட்டபோது சொன்ன முதல் பெயர் அலமேலு.

"நீங்க வர அன்னிக்கி நான் படிச்சிப் படிச்சி சொன்னேன் மேடம். என்கொயரிப் புடவைய கட்டிக்கினு நில்லுடின்னு. கேக்கலியே. அந்த மேடம்தான் நல்லா கட்டுன்னு சொல்லிச்சி, அதுங்கிட்டயே நான் கிழிசல கட்டிக்கினு நிக்கவான்னு கேட்டா."

என்கொயரிப் புடவை என்றால் என்ன?

அந்த ஊரில் ஒரு புடவை இருக்கிறது. பூங்காவனத்தின் வீட்டுக் கொடியில் தொங்கும். சாம்பலைக் கரைத்த மாதிரி ஒரு நிறம், இடுப்புக்கு நேராகக் கிழிசல், அதில் ஒரு ஊக்கு. உதவித்தொகை, வீடு, ஆடு... எதற்காகவாவது ஆள் விசாரிக்க வருகிறார் என்றால், யார் வீட்டுக்கு வருகிறாரோ அந்த வீட்டுப் பெண் அதைக் கட்டிக்கொள்வார். விசாரணை முடிந்ததும் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரே நாளில் பல வீடென்றால், மற்றவர்கள் தங்களிடம் இருக்கும் கிழிசலைக் கட்டிக்கொள்வார்கள். தோடு வைத்திருப்பவர்கள் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவார்கள். இது ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். எல்லோருமே உண்மையில் கஷ்டப்படுகிறவர்கள்தான். ஆனால் கஷ்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். வருகிறவர்களுக்கு அப்படித்தான் பழக்கம்.

சரி. 'அந்த மேடம்' யார்?

போன வருஷம் இதே பக்கத்தில், தினமும் நன்றாக உடுத்துவது பற்றி ஒரு பத்தி எழுதினேன். நினைவிருக்கலாம். அதற்கு வந்த கடிதங்களைப் போல வேறு எதற்கும் வந்ததில்லை. எனக்குத் தலை கொஞ்சம் கனத்ததும் உண்மை. அதில் எழுதியதெல்லாம் பொய்யும் இல்லை. என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள். தோகை கீறிவிடாமல் இருக்க, அம்மா புடவைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார். கல்லூரிக்கு நான் இரண்டே சுடிதாரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனேன். முதல் சம்பளத்தில் வாங்கியது என்ன தெரியுமா? ஒரு அயர்ன் பாக்ஸ்.

அன்றிலிருந்து இன்றுவரை, ஞாயிற்றுக்கிழமை உட்பட, தேய்த்த காட்டன் புடவை, எடுத்த மடிப்பு, தோளில் பின். வெளியே போகிறேனா இல்லையா என்பது கணக்கே இல்லை. பலன்? "உள்ள போம்மா" என்ற கண்டக்டர் "உள்ள போங்க மேடம்" என்றார். நிற்க வைத்த ஆபீஸ்களில் நாற்காலி வந்தது. பேங்க்கில் பேனா கேட்டால் நூல் கட்டாத பேனா கொடுத்தார்கள்.

அதைவிட உள்ளுக்குள் நடந்ததுதான் பெரிசு. மடிப்பு எடுக்கிற இரண்டு நிமிஷம், மனசில் கலைந்து கிடப்பதும் ஒரு வரிசைக்கு வருகிறது. தேய்த்த புடவையோடு மத்தியானம் போய்ப் படுக்க முடியாது — அதனால் படுப்பதில்லை. குரல் தெளிவாக வருகிறது. முதுகு நிமிர்கிறது. கூட்டத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்கத் தோன்றுகிறது. நாள் முழுக்க ஊரைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை, ஒரு நாளைக்கு ஒரு தடவை ஒருத்தி அக்கறையாகப் பார்க்கிறாள். கண்ணாடிக்குள் இருக்கிற அவளேதான்.

இதையெல்லாம் வெள்ளிமலை மகளிர் குழுக் கூட்டத்தில் பேசினேன். தன்னம்பிக்கை பற்றிப் பேசச் சொன்னார்கள், நான் புடவை பற்றிப் பேசினேன். முன்வரிசையில் இருந்து ஒரு பெண், காட்டு வேலைக்குப் போகும்போதும் நல்ல புடவைதானா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, வேலைக்கு வேண்டாம், வேலை முடிந்து வந்து முகம் கழுவி, தலை வாரி, உங்களுக்காகக் கட்டுங்கள், ஊருக்காக இல்லை என்றேன். கைத்தட்டல் வந்தது. மலைக்காற்றில் என் முந்தானை பறந்தது. நானே என்னை ரசித்த நாள்.

முன்வரிசையில் இருந்து அந்தக் கேள்வியைக் கேட்டவர் அலமேலு.

புருஷன் போன பிறகு தலை வாருவதையே விட்டிருந்த பெண்ணாம். கூட்டம் முடிந்த அன்று சாயங்காலமே தகரப் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு எடுத்த மூன்று புடவைகளையும் வெயிலில் போட்டிருக்கிறார். காட்டிலிருந்து வந்ததும் குளித்து, நல்லதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து சாமை புடைப்பார். ஊர் சும்மா இருக்குமா? புருஷன் இல்லாதவளுக்கு எதற்குச் சிங்காரம் என்று காது படவே பேசியிருக்கிறார்கள். அவர் கேட்டுக்கொண்டு கட்டியிருக்கிறார். ரேஷன் கடையில் எடையைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டது, மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் முன்னால் போய் உட்கார்ந்தது... எல்லாம் பூங்காவனம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சொன்ன பலன் ஒவ்வொன்றும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆபீஸ் ஆட்கள் தரும் மரியாதை ஒன்றைத் தவிர.

அன்று சாயங்காலம் கள்ளக்குறிச்சி ஆபீஸுக்குப் போய்ப் படிவங்களை எடுத்தேன். அலமேலுவின் தாளில், 'களப்பணியாளர் கருத்து' என்ற கட்டத்தில், என் கையெழுத்தில் இரண்டு வாக்கியம்: 'வசதியாகத் தெரிகிறார். தேவை குறைவு.'

எழுத எத்தனை நொடி ஆகியிருக்கும்?

அந்த நாள் மெல்ல நினைவுக்கு வந்தது. ஒரே நாளில் இருபத்தாறு வீடு. மழை, சேறு, தாமதமாக வந்த பஸ். வரிசையாகக் கிழிசல்களையே பார்த்துவிட்டு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் — மெழுகிய தரை, விரித்த பாய், அரக்குப் புடவை, பவுடர் போட்ட முகம், சாஸர் வைத்த டம்ளரில் காப்பி. பார்த்ததும் என் மனசு சொன்னது, இவருக்கு எதற்கு ஆடு? அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். "நீங்க சொன்ன மாதிரிதான் மேடம் இருக்கேன்" என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. சரி, சரி என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். காப்பியைக் குடித்தேன். நன்றாக இருந்தது.

ஷாமியானாவில் எதிரே நின்றபோது அவர் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. என்னை அவருக்கு நினைவிருந்தது. அவர் உடுத்தி நின்றதே எனக்குக் காட்டத்தான்.

இதில் இன்னும் ஒரு வெட்கம் பாக்கி இருக்கிறது. எனக்கு இது தெரியாத விஷயமா? நான் ஒன்பதாவது படிக்கும்போது ஹாஸ்டல் சீட்டுக்காக எங்கள் வீட்டை விசாரிக்க ஓர் அம்மா வந்தார். அன்றைக்கு என் அம்மா புதிதாக வாங்கிய எவர்சில்வர் குடத்தைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார். இருந்ததிலேயே மோசமான புடவையைக் கட்டினார். கம்மலைக் கழற்றிவிட்டு ஓட்டையில் துடைப்பக்குச்சி செருகிக்கொண்டார். வந்தவர் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். எனக்குச் சீட்டு கிடைத்தது. அந்தச் சீட்டில்தான் படித்தேன், அந்தப் படிப்பில்தான் இந்த வேலை. அன்று அந்த அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே... அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அதே கண்ணை நான் எங்கே வாங்கி மாட்டிக்கொண்டேன்?

மறுநாள் எங்கள் மேலாளரிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். நல்ல மனிதர். திட்டவில்லை. நேற்று ஆடு வாங்கிய ஒரு பெண் மகளோடு திருப்பூருக்குக் குடிபோவதாகவும், அந்த இரண்டு ஆடுகளும் திரும்பி வருவதாகவும் சொன்னார். ஆனால் ஒரு தடவை கழித்த பெயரை நானே சேர்க்க முடியாது. தலைமை அலுவலகத்தில் இருந்து வேறு ஒருவர் வந்து மறுவிசாரணை செய்ய வேண்டும். நான் கிளம்பும்போது தலையைத் தூக்காமலே ஒன்று சொன்னார்.

"அந்தம்மாகிட்ட இந்த தடவ கொஞ்சம் பாத்து நிக்க சொல்லும்மா."

அவர் எதைப் பார்த்து நிற்கச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் மலையேறினேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் வளைவுக்கு ஒரு வாக்கியமாக மன்னிப்பைத் தயார் செய்துகொண்டே போனேன். அலமேலு வீட்டுக்குள் போனதும் எல்லாம் மறந்துவிட்டது. நான்தான் தப்பாக எழுதினேன், உங்கள் புடவையைப் பார்த்து எழுதினேன் என்று மட்டும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"நான் வேற, நீங்க பாத்து சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன் மேடம்" என்றார்.

பக்கத்தில் இருந்த பூங்காவனம் சும்மா விடவில்லை. "நீங்க கட்டிக்கினு வந்தா மேடம். அவ கட்டிக்கினு நின்னா வசதி. இது இன்னா கணக்கு மேடம்?"

மறுவிசாரணைக்கு வேறு ஒரு மேடம் வருகிறார், புதன்கிழமை என்று சொன்னேன். அலமேலு யோசித்தார்.

"அவங்க எப்படி ஆளுங்க? அவங்களுக்கு இன்னா கட்டினா பிடிக்கும்?"

வாசகர்களே, இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உங்கள் விருப்பம்போல் கட்டுங்கள், நான் பக்கத்தில் நின்று பேசுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இதே பக்கத்தில் வீர வசனம் எழுதியவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் ஆடு என்னுடையது இல்லையே. என் கொள்கைக்காக அவர் இன்னொரு தடவை இழக்க வேண்டுமா?

"பழசையே கட்டிக்கங்க" என்றேன்.

புதன்கிழமை நானும் போயிருந்தேன், தேய்த்த நீலக் காட்டன் புடவையில். அலமேலு என்கொயரிப் புடவையில் நின்றார். தலையில் எண்ணெய் இல்லை, பூ இல்லை. பாய் விரிக்கவில்லை. அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது வேறு — அவர் நின்ற விதம். தோள் இரண்டும் உள்ளே போயிருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் தரையைப் பார்த்துப் பதில் சொன்னார். மகள் எந்த வகுப்பு என்று கேட்டதற்குக்கூடக் குரல் எழவில்லை. ரேஷன் கடையில் எடையைத் திரும்பப் போடச் சொன்ன பெண் இவர்தானா? தினமும் உடுத்துவதால் என்ன பலன் என்று நான் ஒரு முழுப் பத்தி எழுதினேன். அதை அவிழ்த்தால் என்ன போகும் என்பதைப் பத்தே நிமிஷத்தில் பார்த்துவிட்டேன்.

வந்த மேடம் நல்லவர்தான். பார்த்தார், பரிதாபப்பட்டார், டிக் செய்தார். திரும்பி வரும்போது ஜீப்பில் என்னிடம், இவ்வளவு கஷ்டப்படுகிறவரை முதலில் எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டார். தப்பு நடந்துவிட்டது என்றேன். அது எந்தத் தப்பு என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆடு கொடுக்கிற நாள். அதற்கு முதல் நாள் மத்தியானம் பூங்காவனத்தின் போனில் இருந்து அலமேலு கூப்பிட்டார். நாளைக்கு என்ன கட்டிக்கொண்டு வருவது என்று கேட்டார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. இனி எதற்கும் பயமில்லை, உங்களுக்குப் பிடித்ததைக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

அலமேலுவுக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது.

"போட்டோ எடுப்பீங்களே மேடம். அத பாத்துட்டு ஆட்ட திருப்பிக் கேக்க மாட்டாங்களே?"

கேட்க மாட்டார்கள் என்றேன். மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையை அவர் பிடித்துக்கொண்டார் போல.

வெள்ளிக்கிழமை அவர் அந்த என்கொயரிப் புடவையில்தான் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. நான் ஒரு பக்கம், மேலாளர் ஒரு பக்கம், நடுவில் அலமேலு, முன்னால் இரண்டு ஆடுகள். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார். அலமேலு சிரிக்கவில்லை. ஏழைகள் சிரித்தால் நன்றாக இருக்காது என்று அதையும் யாராவது சொல்லிக் கொடுத்தார்களோ என்னவோ.

போட்டோ முடிந்ததும் ஆடுகளைப் பூங்காவனத்திடம் கொடுத்துவிட்டு, பையோடு பக்கத்து வீட்டுக்குள் போனார். ஐந்து நிமிஷம். வெளியே வந்தபோது அரக்குப் புடவை, வாரிய தலை, நெற்றியில் பொட்டு. பழையதை நான்காக மடித்துப் பூங்காவனத்தின் கையில் கொடுத்தார். "அடுத்து யாருக்கு வேணுமோ குடுக்கா" என்றார். பிறகு இரண்டு ஆடுகளையும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, ஊர் நடுவே நடந்து போனார். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

தினமும் உடுத்துங்கள் என்று எழுதியதை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பத்தியை உடுத்துகிறவர்களுக்கு எழுதியதற்குப் பதில், படிவத்தோடு வந்து பார்க்கிறவர்களுக்கு எழுதியிருக்கலாம். முதல் பிரதியை எனக்கே தபாலில் அனுப்பியிருக்கலாம்.

போட்டோவைப் பெரிதாக்கி எங்கள் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதில் மூன்று பேர், இரண்டு ஆடுகள்... நன்றாக உடுத்தி, நன்றாகச் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண் ஒருத்திதான். நான்.